எட்டும் தூரத்தில் நூல்: பல்கலைக்கழக நூலகக் கட்டடங்களின் வரலாறு



நினைவுப் பேருரைகளில் நாம் வழக்கமாக நூல்களைப் பற்றியும் அவற்றை எழுதியவர்களைப் பற்றியும் பேசுகிறோம். அந்த நூல்கள் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அது பொறியாளர்களின் விஷயம், அதில் நமக்குப் பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு கட்டடம் மனிதர்களை எப்படிப் பிரித்து நிறுத்தும் என்பதை நம் மக்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? கோயிலில் எதுவரை போகலாம், டீக்கடையில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், பெரிய வீட்டில் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பதை யாரும் நமக்குத் தாளில் எழுதித் தந்ததில்லை. படிக்கட்டும் திண்ணையும் கொல்லைப்புற வாசலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்த அனுபவத்தோடு நவீனப் பல்கலைக்கழக நூலகம் என்ற கட்டடத்தைப் பார்க்க முயல்கிறோம். நாம் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: வாசகரின் கைக்கும் நூலுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தை வகுத்தவர் யார்? கல்லூரியில் சேருவதற்கான உரிமையைப் போராடிப் பெற்றோம். சேர்ந்த பிறகு உள்ளே எங்கே உட்காருகிறோம், எதைத் தொடுகிறோம் என்பது வேறொரு போராட்டம். அதன் வரலாறு கட்டட வரைபடங்களில் இருக்கிறது.

சங்கிலியிலிருந்து கவுண்டர் வரை

ஐரோப்பாவின் பழைய கல்லூரிகளில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். கையால் எழுதப்பட்ட ஒரு நூல் பெரும் சொத்து. எனவே சாய்வு மேசையிலோ அலமாரியிலோ இரும்புச் சங்கிலி கோத்துக் கட்டினார்கள். ஆக்ஸ்போர்டில் 18ஆம் நூற்றாண்டு வரைகூட இந்த வழக்கம் நீடித்தது. அங்கே நுழைய முடிந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் நுழைந்தவர் நூலைத் தானே திறந்து படிக்க முடிந்தது.

அச்சு வந்தபின் நூல்கள் பெருகின. பெருகிய நூல்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு, 1816இல் பிளாரன்ஸ் நகரின் லியோபோல்டோ டெல்லா சாந்தா ஒரு விடை தந்தார். நூலகத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: படிப்பவர்களுக்கு ஒரு கூடம், நூல்களுக்குத் தனி இடம், ஊழியர்களுக்குத் தனி இடம். 19ஆம் நூற்றாண்டின் பெரும் நூலகங்கள் பல இந்த எண்ணத்தை ஒட்டியே எழுந்தன. 1877இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கோர் ஹால் நூலகத்தில் கட்டப்பட்ட இணைப்புப் பகுதி இதன் அடுத்த கட்டம். அங்கே இரும்புச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலடுக்குகளே கட்டடத்தைத் தாங்குமாறு செய்தார்கள். ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டுமே உயரம் கொண்ட தளங்கள். அது நூல்களைச் சேமிக்கும் இயந்திரம். அதற்குள் உட்கார்ந்து படிக்க இடமில்லை.

இப்படி ஸ்டாக் ரூம் என்பது தனி உலகமாயிற்று. அதன் வாசலில் கவுண்டர் வந்தது. சங்கிலி இருந்த காலத்தில் நூல்தான் கட்டப்பட்டிருந்தது. சங்கிலி போன பிறகு நூல் உள்ளே போய்விட்டது, வாசகர் வெளியே நிறுத்தப்பட்டார்.

கவுண்டரில் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். வேண்டிய நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சீட்டில் எழுதித் தர வேண்டும். அதாவது, என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அப்பா படித்தவர், அண்ணன் படித்தவர் என்றால் பெயர் தெரியும். குடும்பத்திலேயே முதலில் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அடுக்குகளுக்கு இடையே நடந்து, ஒன்றைத் தேடப் போய் பக்கத்தில் இருந்த இன்னொன்றை எடுத்துப் புரட்டித்தான் அந்தப் பிள்ளை நூல்களை அறிமுகம் செய்துகொள்ள முடியும். மூடிய அடுக்கு, தெரிந்தவருக்கு மட்டுமே கொடுக்கும். தெரியாதவரைத் தெரியாதவராகவே வைத்திருக்கும்.

அதே நூற்றாண்டில் வேறு திசையில் ஒரு கதவும் திறந்தது. பாரிஸ் மாணவர் பகுதியில் ஆன்றி லாப்ரூஸ்த் வடிவமைத்து 1850இல் கட்டி முடித்த செயின்ட் ஜெனிவீவ் நூலகத்தில் மெல்லிய இரும்புத் தூண்கள் தாங்கிய ஒரு நீண்ட கூடம் உண்டு. கட்டடக்கலை மாணவர்கள் அந்த இரும்பு வளைவுகளுக்காக அதைப் படிக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது அங்கே பொருத்தப்பட்ட எரிவாயு விளக்குகளை. இருட்டிய பின்னும் நூலகம் திறந்திருக்க அவை வழிசெய்தன. அறையில் விளக்கும் கணப்பும் இல்லாத ஏழை மாணவனுக்கு மாலை நேரம் கிடைத்தது. நேரமும் ஒரு கட்டடப் பொருள்தான்.

குவிமாடத்தின் கீழே

1913இல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே மைய நூலகமாக இருந்தது லோ நூலகம். கொலம்பியாவின் தலைவராக இருந்த செத் லோ தன் தந்தையின் நினைவாக 10 லட்சம் டாலர் கொடுத்துக் கட்டிய கட்டடம் அது. சார்லஸ் மெக்கிம் வடிவமைத்து, 1897இல் திறக்கப்பட்டது. ரோமானியக் கோயிலின் சாயலில் பெரும் தூண்கள், அகன்ற படிக்கட்டு, நடுவே குவிமாடம், அதன் கீழே வட்ட வடிவ வாசிப்புக் கூடம்.

நூலகத்தைக் கோயிலாகக் கட்டுவது அந்தக் காலத்தின் வழக்கம். பார்ப்பவரைப் பணிய வைக்கும் கம்பீரம் அதற்கு உண்டு. ஆனால் கோயிலாகக் கட்டியதன் விலையை அந்தக் கட்டடம் கொடுத்தது. குவிமாடத்தை அகலப்படுத்த முடியாது. நூல்கள் வளர்ந்தன, கட்டடம் வளரவில்லை. 1934இல் எதிரே புதிய நூலகம் கட்டி நூல்களை அங்கே மாற்றினார்கள். இன்று பட்லர் நூலகம் என்று அழைக்கப்படுவது அதுதான். லோ நூலகம் பெயரளவில் நூலகமாக நிற்கிறது. உள்ளே நிர்வாக அலுவலகங்கள் இருக்கின்றன.

கட்டடக்கலையாளர்கள் தோல்வி என்று சொல்லும் இந்தக் கட்டடத்தை நாம் அப்படி மட்டும் பார்க்க முடியாது. 1913 முதல் 1916 வரை அங்கே படித்த அம்பேத்கருக்கு நாற்காலி மறுக்கப்படவில்லை. ஊர் திரும்பிய பிறகு நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். 1917இல் பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கி, அது தெரியவந்து துரத்தப்பட்டார். பின்னர் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது பொதுக் குடத்தில் அவர் தண்ணீர் குடிப்பதற்கு உடன் பணியாற்றியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர் வாங்கிச் சேர்த்துக் கப்பலில் அனுப்பிய நூல்களும் போரில் கப்பலோடு மூழ்கிப் போயின.

1930களில் பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகம் என்ற வீட்டை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். வீட்டைத் திட்டமிடும்போதே நூலகத்துக்கென்று இடம் வகுத்துக் கட்டினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946இல் சித்தார்த்தா கல்லூரியையும் 1950இல் ஔரங்காபாத்தில் இன்னொரு கல்லூரியையும் நிறுவினார். அவர் சேர்த்த நூல்களில் ஒரு பகுதி சித்தார்த்தா கல்லூரிக்குப் போயிற்று. நாற்காலி கிடைத்தவர், மற்றவர்களுக்கான நாற்காலிகளைப் போட்டுவைத்தார்.

ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள்

அம்பேத்கருக்கு நாற்காலி தந்த அதே நாட்டில் கறுப்பின மாணவர்களுக்கு என்ன நடந்தது? இந்த ஒப்பீடு நாம் வலிந்து செய்வதல்ல. 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு அம்பேத்கர் எழுதிய கடிதத்தில் இரு மக்களின் நிலைக்கும் இடையே உள்ள ஒற்றுமையை அவரே சுட்டிக்காட்டியிருக்கிறார்.

அதே 1946இல் ஹூஸ்டன் நகரில் அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பினத்தவர், டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்பதற்காகவே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்ததும், கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டக் கல்லூரி தொடங்குவதாக மாநில அரசு சொன்னது. அந்த வழக்கின் பதிவுகளில் நூலகம் திரும்பத் திரும்ப வருகிறது. புதிய கல்லூரிக்கு 10,000 நூல்கள் வாங்க ஆணையிட்டிருந்தார்கள். வந்து சேர்ந்தவை மிகச் சில. முழுநேர நூலகர் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்த காலத்தில் தனிக் கல்லூரியின் நூலகத்தில் இருந்தவை 16,500 நூல்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இருந்தவை 65,000. தனியாக ஆனால் சமமாக என்ற வாதத்தின் பொய்யை நூல்களை எண்ணியே காட்ட முடிந்தது.

இன்னொரு வழக்கு ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பின ஆசிரியர் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விரும்பினார். நீதிமன்ற ஆணையின் பேரில் 1948இல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எப்படி? வகுப்பறையை ஒட்டிய சிறு அறையில் ஒரு மேசை. உணவகத்தில் தனி மேசை, தனி நேரம். நூலகத்தில், பிரதான வாசிப்புக் கூடத்தின் மேசைகளில் அவர் உட்காரக் கூடாது. இடைத்தளத்தில் அவருக்கென்று குறித்த ஒரு மேசையில்தான் உட்கார வேண்டும். அந்த நூலகம் 1929இல் கட்டப்பட்டது. பழைய ஆங்கிலக் கல்லூரிகளின் பாணியில் உயர்ந்த கூரையும் நீண்ட மேசைகளும் கொண்ட வாசிப்புக் கூடம் அதன் பெருமை. அந்தக் கூடம் அவருக்கு மட்டும் இல்லை.

இரட்டைக் குவளை முறையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீ கிடைக்கும், குவளை வேறு. நூல் கிடைக்கும், மேசை வேறு. வழக்கு நடக்க நடக்கப் பல்கலைக்கழகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. வகுப்பறைக்குள் அழைத்து, அவர் இடத்தைச் சுற்றிக் கம்பித் தடுப்பு போட்டுக் கறுப்பினத்தவருக்கு என்று பலகை வைத்தார்கள். பிறகு தடுப்பையும் பலகையையும் எடுத்துவிட்டு அவருக்கென்று தனி வரிசை என்றார்கள். நூலகத்தில் இடைத்தளத்திலிருந்து இறக்கி முதன்மைத் தளத்திலேயே தனி மேசை கொடுத்தார்கள். இதெல்லாம் பெயருக்குத்தான், படிப்புக்கு ஒரு குறையும் இல்லை என்று வாதாடினார்கள்.

1950 ஜூன் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளிலும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இரண்டையும் எழுதியவர் தலைமை நீதிபதி வின்சன். ஸ்வெட்டை டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலேயே சேர்க்க வேண்டும் என்றது ஒன்று. மெக்லாரினைப் பிரித்து உட்கார வைப்பது, அவர் படிப்பதையும் சக மாணவர்களோடு விவாதிப்பதையும் கருத்துப் பரிமாறுவதையும் கெடுக்கிறது என்றது மற்றொன்று. ஒரு மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பது அரசியல் சட்டப் பிரச்சினை என்று அன்று ஏற்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1950 ஜனவரி 26 அன்று, தீண்டாமையை ஒழித்த நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது.

தீர்ப்பு கிடைத்தும் ஸ்வெட்டால் படிப்பை முடிக்க முடியவில்லை. உடல்நலம் குலைந்தது, குடும்பம் சிதைந்தது. பட்டம் பெறாமலே வெளியேறினார். கதவைத் திறந்தவர்கள் பலமுறை அந்தக் கதவிலேயே களைத்துப் போகிறார்கள். ஓக்லஹோமாவின் அந்த நூலகக் கட்டடம் 2001இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. காரணம் அதன் கட்டட அழகு அல்ல, மெக்லாரின் வழக்கு.

சேப்பாக்கத்தில்

1924 நம் வரலாற்றில் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொது அலுவல் நடக்கும் கட்டடங்கள் ஆகியவற்றை எல்லா வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்று அரசு ஆணை வந்தது. அதே 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக சீ.இரா. அரங்கநாதன் பொறுப்பேற்றார். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைத் தொட்டன: பொது என்று சொல்லப்படுவது உண்மையில் யாருக்குப் பொது?

அரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். லண்டன் சென்று நூலகக் கல்வி பெற்றுத் திரும்பினார். 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் என்ற நூலில் அவர் சொன்னவற்றைக் கட்டட மொழியில் பெயர்த்தால் இப்படி இருக்கும். நூல் பயன்படுத்துவதற்கு, எனவே பூட்டிய கண்ணாடி அலமாரி கூடாது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் உண்டு. எனவே உயரமான ஏணி வைத்து எடுக்கும் அடுக்குகள் கூடாது, சராசரி உயரமுள்ளவர் தரையில் நின்றபடி எட்டும் உயரமே போதும். நூலகம் வளரும் உயிர். எனவே விரிவாக்க முடியாத குவிமாடம் கூடாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்து, வாசகர்களை அடுக்குகளுக்கு உள்ளே விட்டதும் அவரே.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு, நூலகத்துக்கென்று சொந்தக் கட்டடம் அமைந்தது 1936இல்தான். கடற்கரையை ஒட்டிச் சேப்பாக்கத்தில் அது எழுந்தது. வெப்ப நாட்டு நூலகத்துக்கென்று அரங்கநாதன் வலியுறுத்திய நெறிகள் எளிமையானவை. கட்டடம் அகலத்தில் குறுகியும் நீளத்தில் நீண்டும் இருக்க வேண்டும். இருபுறமும் ஜன்னல்கள் வேண்டும். நூலடுக்குகளை ஜன்னல் சுவருக்குச் செங்குத்தாக நிறுத்தினால், ஒவ்வொரு நடைவழியிலும் பகல் வெளிச்சமும் காற்றும் வரும். 1960இல் இந்தியத் தர நிறுவனம் நூலகக் கட்டட வடிவமைப்புக்கென்று ஐ.எஸ். 1553 என்ற நெறிமுறையையே வெளியிட்டது. விளக்கும் விசிறியும் இல்லாமலே ஒரு நூலகம் இயங்க முடியும் என்ற எண்ணம் ஏழை நாட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தச் சாதனையை மதிக்கிறோம். மதித்துக்கொண்டே ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. எட்டும் உயரத்தில் நூலை வைத்தார்கள். அந்த அடுக்கின் முன்னே போய் நிற்க யாரால் முடிந்தது? பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர்களுக்குத்தான் திறந்த அடுக்கு திறந்திருந்தது. நம்மவர்களில் அன்று பட்டப்படிப்பை எட்டியவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். படிக்க நுழையாத கட்டடங்களில் பெருக்கவும் கழுவவும் நுழைந்தவர்கள் நம் மக்கள். அதே 1936இல்தான் லாகூரில் பேச அனுமதிக்கப்படாத தன் உரையை, சாதி ஒழிப்பு என்ற நூலாக அம்பேத்கர் தாமே அச்சிட்டார். மேடை மறுக்கப்பட்ட உரை அச்சில் வந்து, பிறகு உலகத்தின் நூலக அடுக்குகளில் ஏறியது.

தூண்கள் நின்றன, சுவர்கள் போயின

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூலகக் கட்டடத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஆங்கஸ் ஸ்னெட் மெக்டொனால்டு என்பவர் நூலடுக்கு தயாரிக்கும் நிறுவனத்தை நடத்தியவர். ஸ்டாக் ரூம் செய்து விற்றவர். ஸ்டாக் ரூமே வேண்டாம் என்று வாதாடியவரும் அவர்தான். சம இடைவெளியில் தூண்களை நிறுத்துங்கள். இடையில் தாங்கு சுவர் வேண்டாம். எல்லாத் தளங்களையும் நூல் பாரம் தாங்குமாறு கட்டுங்கள். பிறகு எங்கு வேண்டுமானாலும் அடுக்கு, எங்கு வேண்டுமானாலும் மேசை போடலாம் என்றார். 1951இல் திறக்கப்பட்ட அயோவா பல்கலைக்கழக நூலகம் இந்த முறையில் எழுந்த தொடக்கக் கட்டடங்களில் ஒன்று.

இதன் கணக்கு எளிது. நிறைந்த நூலடுக்குகளைத் தாங்கும் தளம் சதுர அடிக்கு 150 பவுண்டு பாரம் தாங்க வேண்டும். சாதாரண அலுவலகத் தளத்தைப்போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. முன்பு ஸ்டாக் ரூமை மட்டும் உறுதியாகக் கட்டி, வாசிப்பறையை அழகாகக் கட்டினார்கள். இப்போது எல்லா இடத்தையும் ஒரே உறுதியில் கட்டியதால், நூலுக்கும் வாசகருக்கும் தனித்தனி இடம் என்ற பிரிவே கட்டடத்திலிருந்து மறைந்தது. கவுண்டருக்குப் பின்னால் இருந்த உலகத்துக்குள் மாணவர்கள் நடந்து போனார்கள்.

ஆனால் சுவர் போனால் எல்லாம் போய்விடுமா? ஹார்வர்டின் லமாண்ட் நூலகம் 1949இல் இளநிலை மாணவர்களுக்கென்று திறக்கப்பட்டது. கைக்கெட்டும் திறந்த அடுக்குகள் அதன் பெருமை. அந்தத் திறந்த நூலகத்தில் 1967 வரை பெண்களுக்கு இடமில்லை. அடுக்கு திறந்தது, வாசல் திறக்கவில்லை. ஒரு கட்டடத்தைத் திறந்தது என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகம் இந்த வரலாற்றின் இரண்டு முனைகளையும் காட்டுகிறது. பால் கிரே வடிவமைத்து 1937இல் முடிந்த அதன் கோபுரம் 307 அடி உயரம். அந்தக் கோபுரத்தை நூல்களின் கிடங்காகவே திட்டமிட்டார்கள். நூல்கள் மேலே, மாணவர்கள் கீழே. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, லிஃப்டில் நூல் இறங்கி வரும்வரை காத்திருக்க வேண்டும். அறிவு உயரத்தில் இருக்கிறது, கீழே நின்று கேள் என்பதை இதைவிடத் தெளிவாகக் கல்லில் சொல்ல முடியாது. ஸ்வெட்டை வெளியே நிறுத்திய காலத்தில் அந்த வளாகத்தின் நடுவே நின்றது இந்தக் கோபுரம்தான்.

1977இல் அதே வளாகத்தில் ஆறு தளங்கள் கொண்ட புதிய மைய நூலகம் திறந்த அடுக்குகளோடு வந்தது. அதற்குப் பெர்ரி-காஸ்டனேடா நூலகம் என்று பெயரிட்டார்கள். எர்வின் பெர்ரி அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் கறுப்பினத்தவர். கார்லோஸ் காஸ்டனேடா அங்கே நூலகராகவும் வரலாற்றுப் பேராசிரியராகவும் இருந்த மெக்சிகோ வம்சாவளியினர். 40 ஆண்டுகளில் கோபுரம் தரைக்கு இறங்கியது. அது தானாக இறங்கவில்லை.

மீண்டும் மூடப்படும் அடுக்குகள்

இன்று இந்த வரலாறு திரும்பி நடக்கிறதோ என்ற கவலை நமக்கு உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011இல் திறக்கப்பட்ட மன்சுவேட்டோ நூலகம் கண்ணாடிக் குவிமாடம் கொண்டது. ஹெல்முட் யான் வடிவமைத்தது. மேலே ஒளி நிறைந்த வாசிப்புக் கூடம். நூல்கள் இருப்பது 50 அடி ஆழத்தில், தரைக்குக் கீழே. 35 லட்சம் நூல்கள் வைக்கத்தக்க அந்தக் கிடங்கில் மனிதர் நடப்பதில்லை. கணினியில் கேட்டால் இயந்திரக் கரங்கள் பெட்டியோடு எடுத்துச் சில நிமிடங்களில் மேலே அனுப்புகின்றன. அற்புதமான பொறியியல்தான். பக்கத்திலேயே 1970இல் கட்டிய பெரிய திறந்த அடுக்கு நூலகமும் இயங்குவதால் அங்கே பாதகம் குறைவு. ஆனால் இந்த முறை மட்டுமே எதிர்காலம் என்றால், 1877இன் ஸ்டாக் ரூம் மீண்டும் வருகிறது என்று பொருள். பெயர் தெரிந்தவருக்குத்தான் இயந்திரமும் கொடுக்கும்.

மின்னூல்களும் மின்னிதழ்களும் இன்னொரு கவுண்டர். அங்கே நிற்கும் காவலர் பாஸ்வேர்டு. கல்விக் கட்டணம் கட்ட முடியாமல் இடையில் நின்ற மாணவர், ஆய்வை முடித்து வேலை கிடைக்காமல் இருக்கும் ஆய்வாளர் ஆகியோரின் பாஸ்வேர்டுதான் முதலில் செத்துப் போகிறது. பழைய நூலகத்தில் தெரிந்த நூலகர் இருந்தால் உள்ளே விடுவார். சர்வருக்கு யாரையும் தெரியாது.

குளிர்சாதனமும் அப்படித்தான். ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடிப் பெட்டியாக நூலகம் கட்டப்பட்டால், அது திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மின்கட்டணம் உண்டு. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இரவு நேரமும் ஞாயிற்றுக்கிழமையும். அந்த நேரங்கள் யாருக்கு வேண்டியவை? ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு. ஆதிதிராவிடர் நல விடுதியில் மேசை இல்லாமல் கட்டிலில் குந்திப் படிக்கும் மாணவிக்கு. பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவருக்கு. காற்றும் வெளிச்சமும் தானாக வரும் கட்டடம் பற்றி அரங்கநாதன் சொன்னது இங்கேதான் நமக்குப் பொருள்படுகிறது.

எனவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். உங்கள் நூலகத்தின் வரைபடத்தைப் படியுங்கள். எத்தனை மாணவர்களுக்கு எத்தனை நாற்காலிகள்? அடுக்குகளுக்குள் இளநிலை மாணவர்கள் போகலாமா, முனைவர் பட்ட ஆய்வாளர்கள் மட்டுமா? சொந்த நூலைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க இடமுண்டா? நூலகப் பட்டியலில் தமிழில் தேட முடிகிறதா? சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் முன்வாசலில் இருக்கிறதா, கொல்லைப்புறத்தில் இருக்கிறதா? பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான புக் பேங்க் நம் உரிமை. அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? நூலகத்தின் நடுவிலா, தனி மூலையில் தனி நேரத்தில் தனிச் சாவியோடு திறக்கும் அலமாரியிலா? இரண்டாவது என்றால், மெக்லாரினின் இடைத்தள மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். நூலகத்தைச் சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, அங்கே உறுப்பினர் அட்டை உண்டா என்றும் கேளுங்கள்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இவற்றில் பலவற்றை எழுத்தில் கேட்டுப் பெறலாம். நூலகக் குழுவில் மாணவர் பிரதிநிதித்துவம் கேட்கலாம். புதிய நூலகம் கட்டப்போகிறார்கள் என்றால், அடிக்கல் நாட்டும் நாளுக்கு முன்பே வரைபடத்தைப் பார்க்கக் கேட்கலாம். கட்டி முடித்த பிறகு ஒரு சுவரை நகர்த்துவது கடினம். தாளில் இருக்கும்போது ஒரு கோட்டை அழித்துப் போடுவது எளிது.

நம் முன்னோர் கிணற்றுக்காகவும் தெருவுக்காகவும் குளத்துக்காகவும் போராடினார்கள். மகாத் குளத்தில் 1927இல் இறங்கிய கைகள் தண்ணீருக்காக மட்டும் இறங்கவில்லை. எல்லோரும் தொடுவதை நாங்களும் தொடுவோம் என்பதற்காக இறங்கின. நூலக அடுக்கின் முன்னே நின்று ஒரு நூலைத் தானே உருவி எடுக்கும் முதல் தலைமுறை மாணவியின் கையும் அந்தக் கைகளின் தொடர்ச்சிதான். அந்தக் கைக்கு எட்டும் உயரத்தில், அவளுக்கு வசதியான நேரத்தில், கேள்வி கேட்காத வாசலோடு நூலகம் இருக்க வேண்டும். அதற்கான வேலையை அவரவர் வளாகத்தில் நாளையே தொடங்குவோம்.